மொறிஸ் மைனர் ரேடியேற்றர் ஒழுகுது, ஈயம் வைக்கிறதோ கோர் மாத்துறதோ இல்லாட்டி அல்ரோ ரேடியேற்றர் போடுறதோ?

கரடிப்போக்கு மைனர்:

வணக்கம் எல்லாருக்கும். என்னட்ட 1958 மொறிஸ் மைனர் 1000 ஒண்டு நிக்குது, 948 சிசி, கொம்பனி எஞ்சின்தான், நிசான் எஞ்சின் ஒண்டும் இறக்கேல்லை. யாழ்ப்பாணத்தில ஒரு ரிட்டயர் வாத்தியாரிட்ட மூண்டு வருசத்துக்கு முன்னம் வாங்கினது. பெரிய ஓட்டம் இல்லை, வெள்ளிக்கிழமை கோயிலுக்கு, பேந்து சொந்தக்காரர் ஆரும் மாப்பிளை கொண்டுபோகக் கேட்டா பூக் கட்டிக் குடுப்பன், அவ்வளவுதான்.

இப்ப பிரச்சினை என்னெண்டா ரேடியேற்றர். போன மாசம் வவுனியாவுக்கு ஒரு அலுவலாப் போகேக்க கொக்காவில் தாண்டி மாங்குளம் கிட்டப் போகப் போக பொனற்றுக்குள்ள இருந்து புகை மாதிரி வந்தது, நிப்பாட்டித் திறந்தா ஆவி. கொதி காட்டுற முள்ளு இந்தக் காருக்கு கொம்பனியாலயே இல்லை, ஆவி வந்தாத்தான் எங்களுக்குத் தெரியும். அரை மணித்தியாலம் மர நிழலில நிண்டு, பக்கத்து வீட்டில ஒரு வாளி தண்ணி வாங்கி ஊத்தி, மெல்ல மெல்ல ஓடித் திரும்பி வந்திட்டன். அதுக்குப் பிறகு பாத்தா மேல் தொட்டியும் கோரும் (தண்ணி ஓடுற குழாயும் தகடும் சேந்த நடுப் பகுதி) சேருற பொருத்தில பச்சையாக் களிம்பு பிடிச்சுக் கிடக்கு, ராவில நிப்பாட்டி விட்டா விடிய கீழ ஒரு தட்டளவு ஈரம்.

இஞ்ச ரெண்டு கராச்சில காட்டினன். ஒருத்தர் சொல்லுறார் உது பழசு, எறிஞ்சிட்டு சுசூகி அல்ரோக் காரின்ர ரேடியேற்றரும் கறண்ட் ஃபானும் போடச் சொல்லி. மற்றவர் சொல்லுறார் ஒரு மேசைக்கரண்டி மஞ்சள் தூள் போட்டா ஒழுக்கு நிக்குமாம். எனக்கு ரெண்டும் மனசுக்குப் பிடிக்கேல்லை, ஆனா என்ன செய்யிறதெண்டும் தெரியேல்லை. தை கடைசியில மச்சாளின்ர மகளின்ர கலியாணம், கார் குடுக்கிறன் எண்டு வாய் விட்டிட்டன். தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பழைய கராச்காரன், வவுனியா:

தம்பி, ஒண்டையும் எறிஞ்சு போடாதேங்கோ. மஞ்சள் தூளை கறிக்குப் போடுங்கோ.

முதல் இதைச் சொல்லுங்கோ, கொதிக்கிறது ரவுணுக்க நிண்டு நிண்டு போகேக்கயோ, வெளி றோட்டில 60, 70இல ஓடேக்கயோ? ரெண்டும் ரெண்டு வருத்தம். நிக்கேக்க மட்டும் கொதிச்சா காத்துக் காணாது எண்டு அர்த்தம், ஃபான் பெல்ற் தளந்திருக்கும் இல்லாட்டி கோரின்ர இடைவெளியெல்லாம் பூச்சி புழுதி அடைச்சிருக்கும். நீங்கள் சொல்லுறதைப் பாத்தா ஓட ஓடத்தான் கொதிச்சிருக்கு, அப்ப உள்ளுக்கத் தண்ணி சுத்திற பாதையில எங்கயோ அடைப்பு. அடைப்பு இருக்கிற ரேடியேற்றருக்கு வெளியால ஈயம் வச்சு என்ன, வைக்காம என்ன.

கையால பாக்கிற சோதினை ஒண்டு இருக்கு. எஞ்சின் வடிவாச் சூடாகினாப் பிறகு நிப்பாட்டுங்கோ, ஃபான் நிண்டிட்டுது எண்டு பாத்திட்டு, உள்ளங்கையை கோரில மேல இருந்து கீழ மெல்லத் தடவிக்கொண்டு வாங்கோ. மேல நல்லாச் சுடும், கீழ வர வர ஒரே சீராச் சூடு குறைஞ்சு வரவேணும். இடையில ஒரு துண்டு மட்டும் திடீரெண்டு சில்லெண்டு கிடந்தா அந்த இடத்துக் குழாய்க்குள்ள தண்ணி ஓடேல்லை. மூடியைத் தொடாதேங்கோ சூட்டோட, நான் 80களில ஒருக்கா அவசரப்பட்டுத் திறந்து வாங்கிக் கட்டின காயம் முழங்கையில இன்னும் கிடக்கு.

அடுத்தது மூடி. இந்தக் காருக்கு 7 பவுண் மூடி, சதுர அங்குலத்துக்கு 7 பவுண் அழுத்தம் தாங்கிறது. அந்த அழுத்தத்தில தண்ணி 100இல கொதிக்காம 110 பாகை தாண்டித்தான் கொதிக்கும், அதுக்குத்தான் அந்த ஸ்பிறிங். உங்கட மூடியில என்ன எழுதிக் கிடக்கெண்டு பாத்துச் சொல்லுங்கோ. இப்ப கடையில குடுக்கிறது 0.9, 1.1 எண்டு போட்ட ஜப்பான் மூடி, 0.9 எண்டா 13 பவுண். அது பொருந்திப் பிடிச்சா பழைய பொருத்துக்கு கிட்டத்தட்ட ரெட்டை மடங்கு அழுத்தம், பொருத்து வெடிக்கும். பழைய கழுத்து சிலது ஆழம் கூட, அதுக்கு இந்தக் கட்டை மூடியைப் போட்டா ஸ்பிறிங் அடியில முட்டாது, அழுத்தமே நிக்காது, கெதியாக் கொதிக்கும். ரெண்டு வழியிலயும் நட்டம் உங்களுக்குத்தான்.

பேந்து ஒண்டு, கேக்கிறன் எண்டு குறை நினைக்காதேங்கோ. உந்தக் கார் பொருளாதாரத் தடைக் காலத்தில யாழ்ப்பாணத்தில ஓடினதோ? ஓடியிருந்தா மண்ணெண்ணெயிலதான் ஓடியிருக்கும். காபரேற்றருக்கு ரெண்டு சொட்டு பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓடின கார் எத்தினை. ஊர் முழுக்க அந்தப் புகை மணம் இப்பவும் மூக்கில நிக்குது. மண்ணெண்ணெயில எஞ்சின் அடிக்கும், சூடு கூட, அப்படி அடிவாங்கின ஹெட் கஸ்கெற் (ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவில இருக்கிற தகடு) இப்ப சாடையா விட்டிருந்தாலும் கொதிக்கும். குளிர் எஞ்சினில மூடியைக் கழட்டி வச்சிட்டு ஸ்ராட் பண்ணி தண்ணிக்குள்ள குமிழ் குமிழாத் தொடர்ந்து வருதோ எண்டு பாருங்கோ. ஓயில் குச்சியில பால்தேத்தண்ணி நிறமா இருக்கோ எண்டும் பாருங்கோ. அது ரெண்டும் இல்லையெண்டா ரேடியேற்றர் பக்கம் வரலாம்.

பரந்தன் வயல்காரன்:

எனக்குக் காரைப் பற்றித் தெரியாது, என்னட்ட நிக்கிறது மசி 135 உழவு மிசின். ஆனா ரேடியேற்றர் ரேடியேற்றர்தானே. சூடு மிதிக்கிற காலத்தில பதரும் வைக்கோல் தும்பும் போய் முன் பக்கத்தில பாய் விரிச்ச மாதிரி ஒட்டும், அரை நாளில கொதிக்கத் துடங்கிடும். நீங்கள் தை மாசியில ஏ9இல ஓடுற ஆள் எண்டா றோட்டுக்கரையில நெல்லுக் காயப் போட்டிருக்கிறதுக்குப் பக்கத்தாலதானே போறியள், ஒருக்கா முன்னுக்கு லைற் அடிச்சுப் பாருங்கோ. கழுவேக்க முன்னால இருந்து அடிக்கக்கூடாது, எஞ்சின் பக்கத்தில இருந்து வெளியால அடிக்கவேணும், இல்லாட்டி தும்பு இன்னும் உள்ளுக்க இறுகும். சேர்விஸ் ஸ்ரேசன் பிறசர் குழாயைக் கிட்டக் கொண்டு போகாதேங்கோ, தகடெல்லாம் மடிஞ்சு போகும், எனக்கு அப்பிடி ஒரு பக்கமே போனது.

தண்ணி என்ன ஊத்துறியள்? கிணத்துத் தண்ணியெண்டா அதுதான் வில்லன். எங்கட வீட்டுக் கேத்திலை ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா கரண்டிக் காம்பால சுரண்டவேணும், வெள்ளைக் கல்லா வரும். அது கேத்தில், நாளைக்கு நாலு தரம் கொதிக்குது. ரேடியேற்றர் குழாயின்ர வாய் எவ்வளவு அகலம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

மைனர் ஏ12:

அண்ணை நான் கிளிநொச்சிதான். பெரியாக்கள் சொல்லுறது சரிதான் ஆனா இந்த வெயிலுக்கு அல்ரோ ரேடியேற்றரும் கறண்ட் ஃபானும் போட்டிட்டு நிம்மதியா இருக்கலாம். என்ர மைனருக்கு அப்பிடித்தான், ரெண்டு வருசமா ஒரு சொட்டுக் குறையேல்லை, ஏசியும் வேலை செய்யுது. பழைய பித்தளைக்குப் பின்னால திரிஞ்சு காசையும் நாளையும் மினக்கெடுத்தாதேங்கோ. கோர் மாத்திற ஆக்களும் இப்ப குறைவு.

பழைய கராச்காரன், வவுனியா:

ஏ12 தம்பி, உங்கட பேரிலயே விடை கிடக்கு. உங்களுக்கு நிசான் ஏ12 எஞ்சின், ஓல்ரனேற்றர், நெகற்றிவ் ஏர்த். அவற்ற கார் கொம்பனிக் கார். அதில டைனமோ, கூடினா 20, 22 அம்பியர்தான் தரும், அதுவும் ஓடேக்க, ஐடிலில நிக்கேக்க சிவப்பு லைற் மினுங்கும். ராவில லைற்றையும் போட்டு 8, 10 அம்பியர் இழுக்கிற ஃபானையும் போட்டா பற்றரி எங்க போறது? அதுமட்டுமில்லை, மைனருக்கு கடைசி வரைக்கும் பொசிற்றிவ் ஏர்த், பற்றரியின்ர பொசிற்றிவ் முனைதான் பொடியில பூட்டிக் கிடக்கும். ஃபானின்ர கறுப்பு வயரை வழமை மாதிரிக் கொண்டுபோய் பொடியில பூட்டினா ஃபான் எதிர்ப்பக்கம் சுத்தி எஞ்சின் சூட்டை முன்னால தள்ளும். வண்டி ஓடுற காத்து ஒரு பக்கம், ஃபான் காத்து மற்றப் பக்கம். இப்பிடி பூட்டிக்கொண்டு வந்து "புது ஃபான் போட்டும் கொதிக்குது" எண்டு நிண்டவையை நான் கண்டிருக்கிறன். வயரை மாத்திப் பூட்டினாச் சரி, ஆனா அது தெரிஞ்சு பூட்டுற ஆள் வேணும்.

மற்றது அலுமினியம், மேல கீழ பிளாஸ்ரிக் தொட்டி. பிளாஸ்ரிக் வெடிச்சா மாங்குளத்தில ஆர் ஒட்டுறது? செம்பும் பித்தளையும் எண்டா ஒரு காஸ் அடுப்பும் ஈயமும் இருக்கிற எந்த ஆளும் ஒட்டுவான். 1958இல செய்த சாமான் இண்டைக்கும் திருத்தக்கூடியதா இருக்கெண்டா அதுக்கு இதுதான் காரணம்.

மைனர் ஏ12:

ஓம் ஐயா பொசிற்றிவ் ஏர்த் விசயம் எனக்குத் தெரியாது, நான் எடுக்கேக்கயே மாத்தித்தான் இருந்தது. ஆனா என்ர அல்ரோ நல்லாத்தான் ஓடுது 😄

லூசியம் மச்சான்:

லண்டனில இருந்து எழுதுறன், சொந்த இடம் விசுவமடு. இஞ்ச மைனருக்கு புது ரேடியேற்றர் இன்னும் வாங்கலாம், செம்பு பித்தளையிலயும் இருக்கு, அலுமினியத்திலயும் இருக்கு, இந்தக் காருக்கெண்டே சாமான் விக்கிற கடையள் இருக்கு. அவசரமெண்டா ஏஜென்சியால போடலாம் ஆனா வரியும் கூலியும் சேர கை கடிக்கும். ஆரும் வாற ஆக்களிட்ட மூடியும் தேர்மோஸ்டற்றும் (எஞ்சின் சூடாகும் வரைக்கும் தண்ணியை மறிக்கிற வால்வ்) ஓஸும் குடுத்து விடுறது சுகம், பாரமும் இல்லை. தேர்மோஸ்டற் கேக்கேக்க 82 பாகைச் சாமானைக் குடுப்பாங்கள், எங்கட பக்கத்துக்கு 74 கேட்டு வாங்குங்கோ. அதைக் கழட்டி எறிஞ்சிட்டு ஓடுற பழக்கம் ஊரில கனபேரிட்ட இருக்கு, அதைச் செய்யாதேங்கோ.

அப்பப்பாவிட்ட 1949 மைனர் நிண்டதாம், பழைய பக்கவால்வ் எஞ்சின், அதுக்கு வோட்டர் பம்பே இல்லை, சூடு தண்ணி தானா மேல ஏற ஆறின தண்ணி கீழ இறங்கிச் சுத்தும். அப்பா சொல்லுவார், அது கொதிக்கிறது தெரிஞ்சுதான் முறிகண்டியில பிள்ளையாரும் இருக்கிறார் எண்டு. தேங்காய் உடைச்சு கச்சான் தின்னுற நேரத்துக்குள்ள எஞ்சின் ஆறிடும்.

கரடிப்போக்கு மைனர்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று முழுக்க இதோடதான்.

கை வச்சுப் பாத்தன் ஐயா. நடுவில இருந்து டிரைவர் பக்கமாக் கிட்டத்தட்ட மூண்டில ஒரு பங்கு சில்லெண்டு கிடக்கு. குமிழ் இல்லை, ஓயிலும் சுத்தம், ஹெட் தப்பிச்சுது. மூடியில 0.9 எண்டு கிடக்கு. பெல்ற் பறவாயில்லை. முன்னுக்கு வயல்காரன் அண்ணை சொன்ன மாதிரி ஒரு சாண் அகலத்துக்கு பூச்சியும் பதரும்.

பக்கத்தில இருக்கிற போல்ற்றுகளையும் ரெண்டு ஓஸையும் கழட்டினா மேல தூக்கி எடுக்கலாம், அரை மணித்தியால வேலை. ஓஸ் ரெண்டு துவாரத்துக்கும் பழைய ரியூப் துண்டைக் கட்டி அடைச்சு, சைக்கிள் பம்பால கொஞ்சமாக் காத்தடிச்சு, மாட்டுத் தண்ணித் தொட்டிக்க தாட்டுப் பாத்தன். மேல் பொருத்தில ரெண்டு இடம், அது எனக்குத் தெரிஞ்சது. ஆனா கோருக்க நடுவில இருந்தும் அஞ்சாறு இடத்தில முத்து முத்தா வருது. பேந்து கவிட்டுப் பிடிச்சு ஓஸால தண்ணி விட்டன், என்ன வந்ததெண்டு நினைக்கிறியள்? முதல் செங்கட்டி மாதிரி துரு, அதுக்குப் பிறகு கட்டி கட்டியா மஞ்சள். மணந்து பாத்தன், மஞ்சள் தூளேதான்! வாத்தியார் எத்தினை கரண்டி போட்டாரோ தெரியாது, கறி வைக்கலாம் அவ்வளவு.

இப்ப கேள்வி, வினாகிரி ஊத்தி ஊற விட்டா இந்த அடைப்பு இளகுமோ, கோர் மாத்தாமத் தப்பலாமோ?

பழைய கராச்காரன், வவுனியா:

வினாகிரி சுண்ணாம்பைக் கரைக்கும், அம்மா புளி போட்டுக் குத்துவிளக்கு மினுக்கிற மாதிரித்தான். ஆனா மஞ்சளும் துருவும் சேந்து இறுகினது இளகாது. கோருக்க நடுவில அஞ்சாறு ஓட்டை எண்டா ஊறப் போட்டால் அது பத்தாகும், சில இடத்தில அந்தச் சுண்ணாம்புதான் ஓட்டையை அடைச்சுக்கொண்டு நிக்குது. ஒண்டு ரெண்டு குழாய் எண்டா ரெண்டு முனையையும் ஈயத்தால அடைச்சு விட்டிட்டு ஓடலாம், உங்களுக்கு மூண்டில ஒரு பங்கு போட்டுது. கோர் மாத்துங்கோ. மேல் தொட்டி, கீழ்த் தொட்டி, பக்கச் சட்டம் எல்லாம் உங்கட பழசு, நடுவில மட்டும் புதுசு. வெளியால பாக்க ஆருக்கும் வித்தியாசம் தெரியாது. குடுக்க முதல் கோரின்ர உயரம், அகலம், தடிப்பு அளந்து, குழாய் எத்தினை வரிசை எண்டு எண்ணி எழுதி வையுங்கோ, குறைஞ்ச வரிசையைப் போட்டுத் தந்திட்டு "இதுதான் அளவு" எண்டுவினம்.

அவை அதைச் செய்யிற நேரத்தில நீங்கள் செய்யவேண்டிய வேலை எஞ்சினில. இதைத்தான் எல்லாரும் விடுறது. அதே துரு இரும்பு புளொக்குக்குள்ளயும் கிடக்கு, கழுவாமப் பூட்டினா முதல் நாளே புதுக் கோருக்க போய்ச் சேரும். புளொக்கில தண்ணி இறக்கிற திருகாணி ஒண்டு இருக்கு, கழட்டுங்கோ. கழட்டினா தண்ணி வராது, பயப்படாதேங்கோ, சேறு அடைச்சிருக்கும். கம்பியால குத்துங்கோ. தேர்மோஸ்டற்றை எடுத்திட்டு மேலால ஓஸ் பிடிச்சு, கீழால தெளிஞ்ச தண்ணி வாற வரைக்கும் விடுங்கோ. நாலாம் சிலிண்டருக்குப் பின்னாலதான் சேறு கூட, இந்த எஞ்சினுகளின்ர குணம் அது.

அப்பிடியே வோட்டர் பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவில விரலளவு ஒரு சின்ன ஓஸ் இருக்கும், அதையும் மாத்துங்கோ. அது போனா மாத்திறதுக்கு பம்பைக் கழட்டவேணும், இல்லாட்டி சுருங்கி விரியிற மாதிரி செய்த ஓஸ் தேடி வாங்கி அமத்திச் செருகவேணும். இப்ப எல்லாம் திறந்து கிடக்கேக்க செய்தா ஒரு வேலை.

லூசியம் மச்சான்:

பூட்டினாப் பிறகு வெறும் தண்ணி விடாதேங்கோ தம்பி. எங்கட பக்கம் உறையிற குளிர் இல்லைதான், ஆனா கூலன்ற் வேண்டியது குளிருக்கில்லை, துருவுக்கு. பழைய ஈயப் பொருத்துக்கு அந்தக் காலத்து வகை கூலன்ற்தான் பாதுகாப்பு, புதுக் காருக்கெண்டு வாற நீண்ட ஆயுள் வகை வேண்டாம். நிறத்தைப் பாத்து வாங்காதேங்கோ, ஒவ்வொரு கொம்பனியும் ஒவ்வொரு நிறம் போடும், போத்தலில எழுதினதை வாசியுங்கோ. கலக்கிறதுக்கு மழைத்தண்ணி, இப்ப மாரிதானே, ஒரு வாளி கூரையில படாம வெளியில வச்சாக் காணும். முழுக் காருக்குமே 5 லீற்றர் அளவுதான்.

கரடிப்போக்கு மைனர்:

கடைசித் தகவல் எழுதாமப் போனாச் சரியில்லை எண்டு வந்தன். வவுனியாவில உழவு மிசின் ரேடியேற்றர் செய்யிற ஒரு ஆள் கோர் மாத்தித் தந்தார், பத்து நாள் எண்டவர் இருபத்தொரு நாள் எடுத்தார், ஒவ்வொரு நாளும் போன் எடுத்து அவருக்கும் எனக்கும் கண்டு பழகின சொந்தம் மாதிரி வந்திட்டுது. வரிசை எண்ணி எழுதிக் குடுத்தது நல்லதாப் போச்சு ஐயா, முதல் ஒரு வரிசை குறைஞ்ச கோரைத்தான் எடுத்து வச்சிருந்தவர். புளொக்குத் திருகாணி கழட்டி, கம்பியால குத்தி, பின்னேரம் முழுக்கத் தண்ணி விட்டன், முத்தத்தில வாழையடி எல்லாம் சிவப்பு, அம்மா வந்து பேசிப்போட்டுப் போனா. சின்ன ஓஸ் கிடைக்கேல்லை, பழசுதான் கிடக்கு, லூசியம் அண்ணையின்ர ஆள் பங்குனியில வரேக்க 7 பவுண் மூடியோட கொண்டு வாறன் எண்டிருக்கிறார். அதுவரைக்கும் யாழ்ப்பாணத்தில பழைய ஒஸ்ரின் ஒண்டில கழட்டின 7 பவுண் மூடி ஒண்டு அம்பிட்டுது, ரப்பரை மாத்திப் போட்டிருக்கிறன், பிடிக்குது.

முந்தநாள் ஓமந்தை வரைக்கும் ஒரே ஓட்டமா போய்ப் பாத்தன், நல்ல மத்தியான வெயில். திரும்பி வரேக்க முறிகண்டியில நிப்பாட்டி, கும்பிட்டிட்டு வந்து பொனற்றைத் திறந்து கை வச்சன், மேல இருந்து கீழ ஒரே சீராச் சூடு. கச்சான் விக்கிற அம்மா "என்ன தம்பி கொதிச்சிட்டுதோ" எண்டா. இல்லையம்மா, சும்மா பாக்கிறன் எண்டன், அவ நம்பேல்லை, தண்ணிப் போத்தல் ஒண்டும் எடுத்துத் தந்தா.

பரந்தன் வயல்காரன்:

சந்தோசம் தம்பி. அந்தப் பழைய கோரை அவரிட்ட விட்டிட்டு வரேல்லைத்தானே? செம்பு நிறைக்குப் போகும், கேட்டு வாங்குங்கோ.